புயலை எந்தக் கோலால் அளப்பது?

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் நால்வகை அளவைகளை, ஆகுபெயர் கற்பிக்குங்கால் ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைப்பது வழக்கம். தேங்காயை எண்ணலாம், பொன்னை எடுத்து நிறுக்கலாம், அரிசியை முகக்கலாம், துணியை நீட்டி அளக்கலாம். புயலை எவ்வாறு அளப்பது? காற்றின் வேகத்தாலா, மாண்டவர் தொகையாலா, அழிந்த பொருளின் விலையாலா, உதவி வந்து சேர்ந்த நாள்களாலா? மாணவன் விளையாட்டாகக் கேட்கும் கேள்விபோல் இது தோன்றக்கூடும். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசியலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடும் பூசலை விளைவித்து வந்திருப்பது இக்கேள்வியே. எந்தக் கோல் கையில் எடுக்கப்படுகிறதோ, அதற்கேற்ப அரசாங்கத்தின் கடமை பெரிதாகவோ சிறிதாகவோ தோற்றம் கொள்கிறது. கோலைத் தேர்ந்தெடுப்போரும் பெரும்பாலும் கொடுப்பதைக் கூட்டவோ குறைக்கவோ விரும்புவோராகவே இருக்கின்றனர்.

2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் மரியா என்னும் புயல் போர்ட்டோ ரீக்கோத் தீவை ஊடறுத்துச் சென்றது. அக்டோபர் 3-ஆம் நாள் அதிபர் டொனால்டு டிரம்ப் அத்தீவுக்குச் சென்றார். அலுவலர்கள் கூடியிருந்த அவையில், 2005-இல் வீசிய கத்ரீனாப் புயலைச் சுட்டி, அதனை உண்மையான பேரழிவு என்றார். அதில் மாண்டோர் ஆயிரக்கணக்கானோர் என்று கூறி, இங்கு மாண்டோர் எத்தனை பேர் எனவும் வினவினார். 16 பேர் என்பதே அவ்வேளை வரை சான்றளிக்கப்பட்டிருந்த கணக்கு. அது பெருமைப்படத்தக்கது என்னும் பொருள்பட அவர் பேசினார். அவர் தீவை விட்டுப் புறப்பட்ட பின்னர், அன்று மாலையே அக்கணக்கு 34 ஆயிற்று.

இந்நிகழ்ச்சியை அறிய வேண்டுமாயின் கத்ரீனா என்னும் பெயர் அமெரிக்க அரசியலில் பெற்றுள்ள பொருளை முதலில் அறிதல் வேண்டும். 2005 ஆகஸ்டு 29-ஆம் நாள் அப்புயல் லூயிசியானாக் கரையை அடைந்தது. நியூ ஆர்லின்ஸ் நகரைக் காத்து நின்ற கரைகளும் வெள்ளத் தடுப்புச் சுவர்களும் உடைந்தன. நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. வெளியேற வண்டியில்லாத ஏழை மக்கள் விளையாட்டரங்கிலும் மாநாட்டு மண்டபத்திலும் உணவும் நீரும் இன்றி நாள்கணக்கில் காத்துக் கிடந்ததை உலகம் தொலைக்காட்சியில் கண்டது. ஃபீமா எனப்படும் கூட்டரசின் பேரிடர் நிவாரண அமைப்பின் தலைவர் மைக்கல் பிரவுனை அதிபர் ஜார்ஜ் புஷ் செப்டம்பர் 2-ஆம் நாள் பலரறியப் பாராட்டினார்; பத்தே நாளில் பிரவுன் பதவி விலக நேர்ந்தது. அன்றுமுதல் கத்ரீனா என்பது ஒரு புயலின் பெயராக மட்டும் நிற்கவில்லை. அரசாங்கத்தின் கையாலாகாமைக்கு அஃது ஓர் ஆகுபெயராயிற்று. பின்வந்த அதிபர் எவர் காலத்தில் எத்தகைய பேரிடர் நேரினும், இஃது அவருடைய கத்ரீனாவா என்று பத்திரிகைகள் கேட்டன. 2010-இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது அதிபர் ஒபாமாவை நோக்கியும் இக்கேள்வி எழுந்தது. அங்குக் கடலில் எண்ணெய் கசிந்ததேயன்றிப் புயல் ஏதும் வீசவில்லை!

இனிக் கோல்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது காற்றின் வேகம். ஹரிக்கேன் என்னும் சொல் கரீபியன் தீவுகளின் பழங்குடியினரான டைனோ மக்களின் மொழியினின்று ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. மின்சாரம் வருமுன் தோட்டப்புற வீடுகளில் தொங்கிய அரிக்கன் விளக்கும், காற்றுக்கு அணையாதது என்பதால் அச்சொல்லையே பெயராகக் கொண்டது. மலேசியாவும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டை அடுத்துள்ளமையால் இவ்வகைச் சுழற்புயல் இங்கு மிக அரிது. 2001 டிசம்பரில் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கிய வாமெய் ஒரு விலக்கு. அட்லாண்டிக் கடலிலோ ஆண்டுதோறும் அவை எழுகின்றன. ஹெர்பெர்ட் சாஃபிர் என்னும் பொறியியலாரும் ராபர்ட் சிம்ப்சன் என்னும் வானிலை அறிஞரும் 1970-களின் தொடக்கத்தில் அவற்றை ஐந்து படிகளாக வகுத்தனர். மணிக்கு 119 கிலோமீட்டர் வேகம் முதற்படி; 252 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஐந்தாம் படி.

இப்படிகள் காற்றை மட்டுமே அளக்கின்றன, வெள்ளத்தை அளப்பதில்லை. கத்ரீனா கரையேறியபோது மூன்றாம் படியில்தான் இருந்தது. நியூ ஆர்லின்ஸைக் கெடுத்தது நீர். 2012 அக்டோபர் 29-ஆம் நாள் நியூ ஜெர்சியில் கரையேறிய சாண்டியோ, கரையைத் தொடுவதற்குச் சற்று முன்னரே ஹரிக்கேன் என்னும் தகுதியை இழந்து வேறு வகைப் புயலாக மாறிவிட்டதென வானிலை நிலையம் அறிவித்தது. வெறும் பெயர் மாற்றந்தானே எனத் தோன்றலாம். ஆனால் அக்கரையோரக் காப்புறுதிப் பத்திரங்கள் பலவற்றில், சேதம் ஹரிக்கேனால் நேரின் வீட்டு மதிப்பில் ஒரு விழுக்காட்டுத் தொகையை உரிமையாளரே முதலில் ஏற்றல் வேண்டும் என்னும் விதி இருந்தது. ஹரிக்கேன் அன்று என்றதும் அவ்விதியைக் காட்டலாகாது என நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் ஆளுநர்கள் காப்புறுதி நிறுவனங்களுக்கு அறிவித்தனர். ஒரு சொல்லின் இலக்கணம் பல குடும்பங்களின் பணப்பையைத் தொட்டது.

இரண்டாவது கோல் மாண்டவர் தொகை. இதுவே நேர்மையானது என்று எவரும் எண்ணுவர். உயிரைவிடப் பெரிய கணக்கு ஏது? எனினும் எவரை எண்ணுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கூரை சரிந்து மாண்டவரையும் வெள்ளத்தில் மூழ்கியவரையும் எண்ணுவதில் ஐயமில்லை. மின்சாரம் நின்றதால் மூச்சுக் கருவி ஓயப் பத்தாம் நாள் மாண்ட முதியவரை எண்ணுவதா? சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டதால் மாண்டவரை? இன்சுலினைக் குளிரில் வைக்க வழியின்றி நோய் முற்றியவரை? இவர்தம் இறப்புச் சான்றிதழில் இதய நோய் என்றும் நீரிழிவு என்றும் எழுதப்பட்டிருக்கும். புயல் என்னும் சொல் அதில் இராது.

மரியாப் புயலில் நேர்ந்தது இதுவே. தீவு முழுதும் மின்சாரம் அற்றது. அதனை அனைவர்க்கும் மீட்டுக் கொடுக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. 2017 முடிவில் அரசாங்கக் கணக்கு 64 என்ற அளவிலேயே நின்றது. இடுகாடு சென்றோர்க்கும் மருத்துவமனைகளில் பணியாற்றியோர்க்கும் அது பொய்க்கணக்கு என்று தெரிந்திருந்தது. 2018 மே மாதம் ஹார்வர்டுப் பல்கலைக்கழக அறிஞர்கள் 3,299 வீடுகளில் விசாரித்து, 2017 டிசம்பர் முடிய 4,645 பேர் மிகையாக மாண்டிருக்கக்கூடும் என மதிப்பிட்டனர். ஆயின் அம்மதிப்பீட்டின் கீழெல்லை 793, மேலெல்லை 8,498 என்பதையும் அவர்களே கூறினர். நாளிதழ்கள் நடு எண்ணைத் தலைப்பிலிட்டு எல்லைகளை ஒதுக்கின. பின்னர்ப் போர்ட்டோ ரீக்கோ அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் முழுமையான ஆய்வொன்றை நடத்தி, 2017 செப்டம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை 2,975 பேர் என்று 2018 ஆகஸ்டு 28-ஆம் நாள் வெளியிட்டது. ஆளுநர் ரிக்கார்டோ ரோசெல்லோ அதனையே அதிகாரமுறைக் கணக்காக ஏற்றார்.

இத்தொகை பெறப்பட்ட முறையை அறிந்துகொள்வது நலம். அறிஞர்கள் மாண்டோர் பெயர்களைப் பட்டியலிட்டுக் கூட்டவில்லை. புயல் வீசாதிருந்தால் அம்மாதங்களில் எத்தனை பேர் இறந்திருப்பர் என்பதைக் கடந்த ஆண்டுகளின் பதிவுகளைக் கொண்டு கணித்தனர். தீவை விட்டு வெளியேறியவர் தொகையையும் அதில் சேர்த்துக் கருதினர். பின்னர் உண்மையில் இறந்தவர் தொகையினின்று அதைக் கழித்தனர். எஞ்சியதே மிகைச்சாவு. செப்டம்பர் 13-ஆம் நாள் அதிபர் டிரம்ப், மூவாயிரம் பேர் மாளவில்லை என்றும், முதுமையால் இறந்தவர்களையும் பட்டியலில் சேர்த்துத் தம்மைத் தூற்றுதற்கு எதிர்க்கட்சியார் செய்த வேலை இஃது என்றும் எழுதினார். பெயரைச் சேர்ப்பதற்கு அங்குப் பட்டியலே இல்லை என்பதுதான் அதற்கு மறுமொழி. முதுமையால் இயல்பாக இறக்கக்கூடியவர்கள் கழித்தலிலேயே நீங்கிவிடுகின்றனர்.

அவருடைய எதிர்ப்பாளர் செய்த ஒப்பீட்டையும் அப்படியே கொள்ளுதற்கில்லை. கத்ரீனாவில் 1,833, மரியாவில் 2,975. ஆகவே மரியாவே பெரிது என்று அவர்கள் வாதிட்டனர். முன்னது தனித்தனி இறப்புகளைக் கண்டறிந்து எண்ணிய தொகை. பின்னது கணித்துப் பெற்ற தொகை. நாழியால் அளந்ததை முழத்தால் அளந்ததோடு ஒப்பிடுதல் போன்றது அது. 1,833 என்பதுங்கூட நிலைத்து நிற்கவில்லை. அமெரிக்க ஹரிக்கேன் நிலையம் 2023-இல் பதிவுகளை மறுபடி ஆராய்ந்து அதனை 1,392 எனத் திருத்தியது. மாண்டவர் எவரும் மீண்டு வரவில்லை, கணக்குத்தான் மாறியது.

மூன்றாவது கோல் பணம். கத்ரீனாவின் சேதம் 12,500 கோடி டாலர். 2017-இல் டெக்சஸ் மாநிலத்தைத் தாக்கிய ஹார்வியின் சேதமும் 12,500 கோடி டாலர். இரண்டும் சமம் என்பர். ஆனால் 2005-இன் டாலரும் 2017-இன் டாலரும் ஒன்றல்ல. விலைவாசி உயர்வைக் கருதின் கத்ரீனாவே பெரிது. ரோஜர் பியல்கே, கிறிஸ்டோபர் லான்சி என்னும் ஆய்வாளர்கள் 1998-இல் மேலும் ஓரடி சென்றனர். பழைய புயல் இன்றைய மக்கள் தொகையையும் செல்வத்தையும் தாக்கினால் என்ன அழியும் என்று கணக்கிட்டனர். அவ்வாறு பார்க்குமிடத்து 1926-இல் மயாமியைத் தாக்கிய பழம்புயல் முதலிடம் பெற்றது. பின்னாளில் இம்முறையில் கணித்தபோதும் கத்ரீனா அதற்குப் பின்தான் நின்றது. சேதம் பெருகுவதற்குக் காரணம் கடற்கரையில் மாளிகைகள் பெருகியதே என்று ஒரு சாராரும், வேறு முறையில் கணக்கிட்டால் புயல்களின் வன்மையே மிகுந்திருப்பது புலனாகும் என்று மற்றொரு சாராரும் வாதிட்டு வருகின்றனர்.

பணக்கோலின் பெருங்குறை வேறு. செல்வரின் கடற்கரை மாளிகை ஒன்று இடிந்தால் பல இலட்சம் டாலர் சேதமென எழுதப்படும். தகரக் கூரை வேய்ந்த ஏழை வீடுகள் பல சேர்ந்து இடிந்தாலும் அத்தொகை எட்டாது. மாளிகைக்காரர்க்குக் காப்புறுதி உண்டு, வேறு வீடும் உண்டு. ஏழைக்கு இடிந்த அதுவே வீடு. கணக்குப் புத்தகத்தில் முன்னது பேரழிவு, பின்னது சிற்றழிவு.

இத்தகைய அளவுகள் ஏட்டோடு நிற்பவையும் அல்ல. சட்டத்தின் நடைமுறையிலேயே ஒன்று அமைந்துள்ளது. பேரிடர்க்கு உதவுவது நாட்டு அரசாங்கத்தின் கடமையா என்பதே அமெரிக்காவில் நெடுங்காலம் வழக்காக இருந்தது. 1887-இல் வறட்சியால் நலிந்த டெக்சஸ் உழவர்க்கு விதை வாங்கக் காங்கிரஸ் ஒதுக்கிய 10,000 டாலரை அதிபர் குரோவர் கிளீவ்லந்து மறுத்துவிட்டார். தனிப்பட்டோர் துயரைத் துடைக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தில் தாம் காணவில்லை என்பது அவர் கொள்கை. 1950-இல் பேரிடர் நிவாரணத்துக்கென நிலையான சட்டம் வந்தது. 1979-இல் ஃபீமா தோன்றியது. 1988-இல் ஸ்டாஃபோர்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டப்படி மாநில ஆளுநர் வேண்ட, அதிபர் பேரிடரென அறிவித்தால், பொதுக் கட்டடங்களையும் சாலைகளையும் சீரமைக்கும் செலவில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் குறையாமல் கூட்டரசு ஏற்கும். மாநிலத்தால் தாங்க இயலாத சேதம் எது என்பதற்கு 1986-இல் தலைக்கு ஒரு டாலர் என்னும் அளவை ஃபீமா வைத்தது. மூன்று கோடி மக்களுள்ள மாநிலம் மூன்று கோடி டாலர் சேதத்தைக் காட்ட வேண்டும் என்பது அதன் பொருள். 1999 வரை அது விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படவே இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு டாலரின் மதிப்புத் தேய்ந்தது, அறிவிப்புகள் எளிதாயின. இனி இறுதி முடிவு அதிபருடையது. ஆதலின் எண்களுக்குப் பின்னால் எப்பொழுதும் ஒரு மனிதரின் மனப்போக்கும் நிற்கிறது.

நான்காவது கோல் நாள். இதனை வலிமையாக வீசியவர் நியூ ஜெர்சி ஆளுநர் கிரிஸ் கிரிஸ்டி. சாண்டிப் புயலுக்கான நிவாரண மசோதாவை வாக்கெடுப்புக்கு விடாமலே பிரதிநிதிகள் சபை 2013 புத்தாண்டன்று கலைந்தது. மறுநாள் அவர் பத்திரிகையாளரைக் கூட்டித் தம் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சித் தலைவர்களையே சாடினார். கத்ரீனாவுக்குக் காங்கிரஸ் எடுத்துக்கொண்டது 10 நாள். 1992-இன் ஆன்ட்ரூவுக்கு 31 நாள். 2008-இன் குஸ்தாவ், ஐக் புயல்களுக்கு 17 நாள். சாண்டிக்கு 66 நாளாகியும் முடியவில்லை என்றார். எளிய ஒப்பீடாதலின் எங்கும் பரவியது. ஜனவரி 4-ஆம் நாள் வெள்ளக் காப்புறுதிக்கென 970 கோடி டாலர் நிறைவேறியது. 15-ஆம் நாள் ஏறத்தாழ 5,000 கோடி டாலர் மசோதா பிரதிநிதிகள் சபையில் 180 வாக்குக்கு எதிராக 241 வாக்கில் நிறைவேறியது. ஆதரித்த குடியரசுக் கட்சியார் 49 பேரே. 29-ஆம் நாள் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். புயல் கரையேறி 92 நாள்.

எனினும் நாள்கணக்கும் குற்றமற்ற கோல் அன்று. எந்த உதவி வந்து சேரும் நாள்? அந்த 92 நாளும் ஃபீமா தன் நிதியினின்று மக்களுக்கு உதவி வழங்கியே வந்தது. தாமதமானது நெடுங்காலச் சீரமைப்புப் பணம். எதிர்த்தோர் கூறிய தடையும் முற்றிலும் வெறுமையன்று. 2012 டிசம்பரில் செனட் நிறைவேற்றிய வடிவில் அலாஸ்காவின் மீன்பிடித் தொழிலுக்கான தொகையும் இருந்தது. அலாஸ்கா எங்கே, நியூ ஜெர்சி எங்கே! ஆனால் அடுத்த வெள்ளத்தைத் தடுக்கும் சுவர்களுக்கான பணத்தையும் அவர்கள் தொடர்பற்ற செலவு என்றே ஒதுக்கினர். அது நேர்மையான வாதமாகாது. உடைந்த இடத்தில் அதே வலுவற்ற கரையை மீண்டும் எழுப்புவதைச் சிக்கனம் என்பதற்கில்லை.

டெக்சஸின் குடியரசுக் கட்சி உறுப்பினருட் பெரும்பாலோரும், அம்மாநிலச் செனட்டர்களான டெட் குரூஸ், ஜான் கார்னின் இருவரும் அந்த மசோதாவை எதிர்த்து வாக்களித்தவர்கள். நான்கரை ஆண்டு சென்றது. 2017 ஆகஸ்டு 25-ஆம் நாள் ஹார்வி டெக்சஸில் கரையேறியது. ஹூஸ்டன் நகர் வெள்ளக்காடாயிற்று. எதிர்த்தவர்களே உதவி வேண்டினர். கிரிஸ்டி பழைய வாக்கை மறக்கவில்லை. குரூஸை வெளிப்படையாகக் கடிந்தார். குரூஸ், சாண்டி மசோதாவில் தொடர்பற்றவை மலிந்திருந்தன என்று பழைய காரணத்தையே கூறினார். ஆயினும் நியூயார்க் உறுப்பினர் பீட்டர் கிங், தாம் டெக்சஸைப் பழிவாங்கப் போவதில்லை, உதவிக்கே வாக்களிப்பேன் என்றார். செப்டம்பர் 8-ஆம் நாள், அதாவது பதினான்கே நாளில், 1,525 கோடி டாலர் மசோதா கையெழுத்தாயிற்று. பூசல் முழுவதிலும் மதிக்கத்தக்க செயல் கிங் செய்ததே எனலாம்.

அதே ஆண்டில் வீசிய மூன்று புயல்களை அருகருகே வைத்து மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கட்டுரை, ஒப்பீடு எவ்வாறு பயன்படக்கூடும் என்பதற்குச் சான்று. புயல் தாக்கிய ஒன்பது நாளுக்குள் தனி மனிதர்க்கும் குடும்பங்கட்கும் ஃபீமா வழங்கிய தொகை டெக்சஸின் ஹார்விக்கும் ஃபுளோரிடாவின் இர்மாவுக்கும் தலா ஏறத்தாழ 10 கோடி டாலர். மரியாவுக்கு 60 இலட்சத்துக்குச் சற்று மேல். ஒரே ஆண்டு, ஒரே அமைப்பு, ஒரே சட்டம், ஒரே கால அளவு. ஆதலின் இவ்வொப்பீடு மற்றவற்றினும் வலியது.

வேறுபாட்டுக்கு இயல்பான காரணங்களும் உண்டு. தீவுக்குக் கடல் கடந்தே செல்ல வேண்டும். விமான நிலையமும் துறைமுகமும் முடங்கின. தொலைபேசி அற்றுப்போனதால் உதவி கேட்டுப் பதிவு செய்யவே மக்களுக்கு வழியில்லை. கரீபியனில் இருந்த கிடங்கின் பொருள்கள் இரு வாரம் முன் வந்த இர்மாவுக்கே பெரும்பாலும் தீர்ந்துவிட்டன என்பதையும், தேர்ந்த ஆள்கள் போதாமையையும் ஃபீமாவே 2018-இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. தீவின் அரசாங்கம் கடனில் மூழ்கி 2017 மே மாதமே நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியிருந்தது. இவை எல்லாம் உண்மையே. இவற்றோடு மற்றோர் உண்மையும் உண்டு. 1917 முதல் அம்மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆயினும் தீவில் வாழுங்காறும் அதிபர் தேர்தலில் அவர்க்கு வாக்கில்லை. காங்கிரஸில் அவர்தம் பேராளர் ஒருவரே. சபை மசோதாவை நிறைவேற்றும் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கும் வாக்கில்லை. கிரிஸ்டியைப்போல் மறுநாளே பத்திரிகையாளரைக் கூட்டி நாட்டை அதிரவைக்கும் வலிமை அவர்களிடம் இல்லை.

பூசல் அத்தோடு ஓயவில்லை. 2024 செப்டம்பரில் ஹெலின் புயல் வட கரோலைனா மலைப்பகுதியை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது, உடனடித் தேவைக்கென முதலில் தரப்படும் 750 டாலரை மொத்த நிவாரணம் அதுவே என்பதுபோல் பரப்பி, வெளிநாடுகளுக்குச் செல்லும் பணத்தோடு ஒப்பிட்டனர். அதனை நம்பி, மேற்கொண்டு விண்ணப்பிக்க மக்கள் தயங்குவரே என்று அலுவலர்கள் கவன்றனர். 2025 ஜனவரியில் அப்பகுதிக்குச் சென்ற அதிபர் டிரம்ப், ஃபீமாவையே ஒழித்துவிடலாம் என்ற கருத்தை வெளியிட்டார். கிளீவ்லந்தின் பழைய வழக்கு வேறு உடையில் திரும்பி வந்தது.

போர்ட்டோ ரீக்கோவில் அதிகாரமுறைக் கணக்கு இன்னும் 64 ஆகவே இருந்த 2018 ஜூன் முதல் நாள், சான் ஹுவான் நகரில் சட்டமன்றக் கட்டடத்தின் முன் மக்கள் காலணிகளைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினர். மாண்டவர் ஒருவருக்கு ஓரிணை. ஆடவர் செருப்பு, மூதாட்டியர் அணிந்தவை, குழந்தைகளின் சிறு காலணி. சிலவற்றில் பெயரெழுதிய தாள் செருகப்பட்டிருந்தது. பொழுது சாயுமுன் அவை வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் பெருகின. 64 இணைகளோ முதல் சில வரிசைகளிலேயே முடிந்து போயிருந்தன.